உங்கள் வீட்டுக் குப்பை யாருக்குச் சொந்தம்? புனே பெண்கள் போட்ட ஒரு கணக்கு

காலை எட்டரை மணி. ஒன்பது மணி மீட்டிங்குக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் 'கச்ரா!' என்று ஒரு குரல். ராத்திரி ஆர்டர் செய்த பிரியாணி டப்பா, அதில் மிச்சம் இருந்த சால்னா, ஆன்லைன் பார்சல் வந்த அட்டைப்பெட்டி, தயிர் கவர், வெங்காயத் தோல் எல்லாவற்றையும் ஒரே கவரில் திணித்து, முடிச்சுப் போட்டு வெளியே வைக்கிறீர்கள். கதவைச் சாத்தியதும் அந்தக் கவரை மறந்துவிடுகிறீர்கள்.

புனேவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்தக் குரல் பழகியிருக்கும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் குரல். அங்கே 'மாவ்ஷி' என்று கூப்பிடுவார்கள், நம்ம ஊர்க் கணக்கில் சித்தி. அவர் மாநகராட்சி ஊழியர் என்றோ, ஏதோ ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆள் என்றோதான் பலரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சங்கத்தின் உரிமையாளர்களில் ஒருவர்.

இந்தியாவின் பெரிய நகரங்களில் ஒன்றில், முன்பு தெருத் தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்த பெண்களே வீடு வீடாகக் குப்பை எடுக்கும் பொறுப்பை எப்படிக் கையில் எடுத்தார்கள்? இது மற்ற ஊர்களிலும் நடக்குமா? நமக்கு இதில் என்ன வேலை? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, குப்பை எல்லாம் எங்கே போகுது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 ஆண்டறிக்கைப்படி, இந்திய நகரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 1.6 லட்சம் டன் குப்பை உருவாகிறது. அதில் 95 சதவீதம் சேகரிக்கப்படுவதாகக் கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே அறிக்கையில் அடுத்த வரிகளைப் பாருங்கள். உரமாகவோ வேறு வகையிலோ முறையாகச் செயலாக்கப்படுவது கிட்டத்தட்ட பாதிதான். 18 சதவீதம் நிலத்தில் கொட்டிப் புதைக்கப்படுகிறது. மீதி, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குப்பை எங்கே போனது என்பதற்குக் கணக்கே இல்லை.

வீட்டிலிருந்து குப்பையை எடுத்துவிட்டால் நகரம் சுத்தமாகிவிடும் என்பதுதான் நம்மில் பலருடைய நினைப்பு. குப்பை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நாம் போடும் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை. அது பிளாஸ்டிக்கோடு கலந்து, மலை போலக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு அதிகமாக வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. எளிதில் தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கில் தீப்பிடித்ததும், 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் கிடங்கு பத்து நாளுக்கும் மேலாக எரிந்து நகரத்தையே புகையில் மூழ்கடித்ததும் நினைவிருக்கலாம்.

ஆக, குப்பையை எவ்வளவு வேகமாக அள்ளுகிறோம் என்பது முக்கியமில்லை. கிடங்குக்குப் போகாமல் எவ்வளவு குப்பையைத் தடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். அந்த வேலையைப் பல காலமாகச் செய்துவந்தவர்களை நம் நகரங்கள் தொழிலாளர்களாகவே பார்த்ததில்லை. தெருத் தொட்டியிலும் கிடங்கிலும் பேப்பர், பாட்டில், தகரம் பொறுக்கிப் பழைய பேப்பர் கடையில் போடுகிறவர்கள் அவர்கள்.

புனேவில் அப்படி என்ன நடந்தது?

1972-ல் மகாராஷ்டிராவைக் கடுமையான வறட்சி தாக்கியது. கிராமங்களில் பிழைக்க வழியில்லாமல் நகரங்களுக்கு வந்த குடும்பங்களில் பல, கடைசியில் குப்பை பொறுக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தன. புனேவில் இந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தலித் சமூகங்களைச் சேர்ந்த பெண்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, கிலோமீட்டர் கணக்கில் நடந்து, மூட்டையைத் தலையில் சுமந்து வருவார்கள். நாய் துரத்தும். திருடி என்று போலீஸ் பிடிக்கும். கடைக்காரர் எடையில் அடிப்பார்.

1990-களின் தொடக்கத்தில் எஸ்என்டிடி மகளிர் பல்கலைக்கழகத்தின் வயது வந்தோர் கல்வித் திட்டத்தில் வேலை பார்த்த லட்சுமி நாராயண், பூர்ணிமா சிக்கர்மானே போன்றவர்கள், குப்பை பொறுக்கும் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமென்றால் அம்மாக்களின் வருமானம் கூட வேண்டும் என்பது புரிந்தது. அம்மாக்கள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அழுகிய சோற்றோடு கலந்து தொட்டிக்கு வருவதற்கு முன்பே, பேப்பரையும் பிளாஸ்டிக்கையும் வீட்டு வாசலிலேயே எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் போதும் என்றார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு தனியார் ஆள் மோட்டார் வண்டி வைத்து அதே பகுதியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க வந்தார். குப்பையில் காசு இருக்கிறது என்று தெரிந்ததும் வண்டி வருகிறது, பெண்கள் வெளியே போகிறார்கள். அப்போதுதான் இது தனித்தனியாகச் சமாளிக்கிற விஷயம் இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. சுமை தூக்கும் தொழிலாளர்களைத் திரட்டிய அனுபவம் உள்ள மூத்த தலைவர் பாபா ஆதவின் வழிகாட்டலோடு 1993-ல் ஒரு தொழிற்சங்கம் பிறந்தது. பெயர் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்'. பேப்பர், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து என்று பொருள். 

சங்கம் முதலில் கேட்டது அடையாள அட்டை. 1990-களின் நடுவில் புனே மாநகராட்சி அந்த அட்டையை அங்கீகரித்தது. நமக்கு ஐடி கார்டு என்பது ஆபீஸ் கதவைத் திறக்கும் ஒரு துண்டு பிளாஸ்டிக். அவர்களுக்கு அது போலீஸ்காரரிடம் 'நான் திருடவில்லை, இது என் வேலை' என்று சொல்வதற்கான ஆதாரம். பிறகு 2002-03-ல் பதிவு செய்த தொழிலாளர்களுக்கு மாநகராட்சி மருத்துவக் காப்பீடு கொடுத்தது.

அதற்கு இடையில், 2000-ல் வந்த மத்திய அரசின் விதிகள் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கச் சொன்னன. பல நகரங்கள் டெண்டர் விடுவது பற்றி யோசித்தபோது, புனேவில் சங்கம் ஒரு யோசனை சொன்னது: 'அந்த வேலையை எங்களிடம் கொடுங்கள்'. சோதனை முயற்சி நடந்தது. அதிலிருந்து 'ஸ்வச்' என்ற கூட்டுறவுச் சங்கம் உருவாகி, 2008-ல் மாநகராட்சியோடு ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. முழுக்கக் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கே சொந்தமான கூட்டுறவு என்ற வகையில் இந்தியாவில் இதுதான் முதல். இன்று 3,500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள், பல லட்சம் வீடுகள்.

காசு எங்கிருந்து வருது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நல்ல மனசு, சேவை, தூய்மை பற்றிப் பேசும் திட்டங்கள் நிறைய பார்த்திருக்கிறோம். ஒரு திட்டம் நிலைக்குமா என்று தெரிய வேண்டுமென்றால், பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்வச் உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வருமானம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, ஒவ்வொரு வீடும் மாதாமாதம் தரும் சேவைக் கட்டணம். இது 100 ரூபாய்க்கும் குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. குடிசைப் பகுதிகளுக்கான கட்டணத்தில் மாநகராட்சி மானியம் தருகிறது. இரண்டு, சேகரித்த குப்பையில் விற்கக்கூடிய பேப்பர், அட்டை, பாட்டில், தகரம் எல்லாம் அவருக்கே சொந்தம். மாநகராட்சியின் பங்கு தள்ளுவண்டி, கையுறை போன்ற உபகரணங்கள், நிர்வாகச் செலவு, மிச்சக் குப்பையை எடுத்துப்போகும் லாரி.

இதை ஒரு லாரி கான்ட்ராக்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கீழே உள்ள எண்கள் எல்லாம் புரிவதற்காக நாம் போடும் உதாரணக் கணக்கு.

250 வீடுகள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ. மாதத்துக்கு 15 டன். பல நகரங்களில் ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில் பணம் போகிறது. டன்னுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 22,500 ரூபாய். இப்போது அந்த 250 வீடுகளும் திருந்தி, மக்கும் குப்பை 7.5 டன்னை வளாகத்திலேயே உரமாக்கி, 1.5 டன் பேப்பர், பிளாஸ்டிக்கைத் தனியாகப் பிரித்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். கிடங்குக்குப் போவது 6 டன்தான். ஒப்பந்ததாரருக்குக் கிடைப்பது 9,000 ரூபாய். நீங்கள் ஒழுங்காக இருந்தால் அவருக்கு மாதம் 13,500 ரூபாய் நஷ்டம்! எடையைக் கூட்ட மண்ணையும் கட்டடக் கழிவையும் சேர்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல நகரங்களில் எழுவதில் ஆச்சரியம் என்ன?

அதே 250 வீடுகளை இரண்டு மாவ்ஷிகள் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டுக்கு 70 ரூபாய் என்றால் கட்டணம் 17,500 ரூபாய். குப்பை குறைந்தாலும் இது குறையாது. பிரித்துக் கொடுத்த 1.5 டன் உலர் குப்பை சராசரியாகக் கிலோ 6 ரூபாய்க்குப் போனால் 9,000 ரூபாய். ஆளுக்கு 13,250 ரூபாய். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் கலந்து கொடுத்தால், சாம்பார் ஊறிய அட்டையை எந்தக் கடையும் வாங்காது. 9,000 என்பது பாதியாகிவிடும்.

ஒரே குப்பை, இரண்டு விதமான லாபக் கணக்கு. ஒருவருக்குக் கிடங்கு வளர வளர வருமானம். இன்னொருவருக்குக் கிடங்குக்குப் போவது குறையக் குறைய வருமானம். சமூகமே நடத்தும் குப்பை மேலாண்மை என்பதன் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. இந்தப் பெண்கள் சுற்றுச்சூழல் ஆர்வலர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டாலே சுற்றுச்சூழல் பிழைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இப்படி முயற்சி செஞ்சிருக்காங்களா?

செய்திருக்கிறார்கள். இதற்கு நேர் எதிராகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். எகிப்து தலைநகர் கெய்ரோவில் 'ஸபாலீன்' என்ற சமூகத்தினர் பல தலைமுறைகளாக வீடு வீடாகக் குப்பை எடுத்துவந்தார்கள். உலர் குப்பையைப் பிரித்து விற்பார்கள். உணவுக் கழிவைத் தாங்கள் வளர்க்கும் பன்றிகளுக்குப் போடுவார்கள். எடுத்த குப்பையில் சுமார் 80 சதவீதம் வரை மறுபயன்பாட்டுக்குப் போனது என்கின்றன அவர்களைப் பற்றிய ஆய்வுகள்.

2003-ல் அரசு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு 15 ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. நவீன லாரிகள் வந்தன. ஒப்பந்தப்படி அந்த நிறுவனங்கள் மறுசுழற்சி செய்ய வேண்டியிருந்தது 20 சதவீதம்தான். வீட்டு வாசலுக்கு ஆள் வந்த காலம் போய், மக்கள் குப்பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தொட்டிக்குப் போக வேண்டியிருந்தது. 2009-ல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் அரசு நாட்டில் இருந்த பன்றிகளைக் கொன்றொழிக்க உத்தரவிட்டது. அடுத்த சில மாதங்களில் கெய்ரோ தெருக்களில் உணவுக் கழிவு குவிந்து நாறியது. அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது யார் என்று நகரத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொலம்பியாவின் பொகோட்டா வேறு பாதையில் போனது. அங்கே குப்பை பொறுக்குபவர்களின் சங்கம் நீதிமன்றம் போனது. எங்களை ஒதுக்கிவைத்து டெண்டர் விடுவது எங்கள் வாழ்வுரிமையைப் பறிப்பது என்று வாதிட்டது. 2003-லும் 2011-லும் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2013 மார்ச் முதல், அவர்கள் சேகரித்துக் கொடுக்கும் மறுசுழற்சிப் பொருட்களின் எடைக்கு ஏற்ப நகரம் பணம் கொடுக்க ஆரம்பித்தது. கவனியுங்கள், இங்கேயும் எடைக்குத்தான் பணம். ஆனால் கிடங்குக்குப் போன எடைக்கு இல்லை, கிடங்குக்குப் போகாமல் காப்பாற்றிய எடைக்கு.

நம்ம பக்கத்தில் என்ன நிலைமை?

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு 'ஹசிரு தளா' என்ற பெயர் தெரிந்திருக்கலாம். அங்கே குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கு மாநகராட்சியின் அடையாள அட்டை கிடைக்கவும், வார்டுகளில் இருக்கும் உலர் குப்பை மையங்களை அவர்களே நடத்தவும் வேலை செய்த அமைப்பு அது. புனேவின் அனுபவத்தில் இருந்து கற்றுக்கொண்டு வளர்ந்தது.

கேரளாவின் ஆலப்புழா வேறு மாதிரி. கிடங்கு இருந்த ஊர் மக்கள் லாரிகளுக்கு எதிராகத் திரண்டதும், இனி கொட்ட இடமே இல்லை என்ற நிலை வந்தது. 2012 முதல் நகரம் தன் மக்கும் குப்பையை வீட்டிலும் தெருவிலுமே முடித்துக்கொள்ளப் பழகியது. வீடுகளில் உரக் குழாய்களும் சாண எரிவாயு போன்ற சிறு கலன்களும், தெருக்களில் உரத் தொட்டிகளும் வந்தன. 2017-ல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களில் ஒன்றாக ஆலப்புழாவைக் குறிப்பிட்டது. இன்று கேரளா முழுக்க 'ஹரித கர்ம சேனா' பெண்கள் வீடு வீடாக வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மாதக் கட்டணத்தோடு வாங்கிக்கொண்டு போகிறார்கள். 

சென்னைக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1989-ல் வங்கி அதிகாரி எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகள் சேர்ந்து மாதம் கொஞ்சம் பணம் போட்டு, குப்பை பொறுக்குபவர் ஒருவரையே மூன்று சக்கர வண்டியோடு நியமித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. அவருக்கு 'தெருவை அழகாக்குபவர்' என்று பெயர் வைத்தார்கள். 1990-களில் பல நகரங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு அந்தத் தெரு அமைப்புகளில் பல ஏன் நின்றுபோயின? மாநகராட்சி 2000-ல் சில மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்தது. வண்டி இலவசமாக வாசலுக்கு வர ஆரம்பித்ததும், மாதக் காசு எதற்கு என்று பல தெருக்கள் நினைத்தன. தெருவில் இதை இழுத்துப்போட்டுச் செய்த ஓய்வுபெற்ற மாமாவுக்கு வயதானதும் அடுத்தவர் வரவில்லை.

புனேவோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சென்னையில் அது குடியிருப்பவர்களின் அமைப்பு, வேலை செய்தவர் அவர்களுடைய ஆள். குடியிருப்பவருக்குச் சலிப்பு வந்தால் முடிந்துவிடும். புனேவில் அது வேலை செய்பவர்களின் அமைப்பு. அவர்களுக்குச் சலிப்பு வர முடியாது, அது அவர்களின் சோறு. இன்னொன்று, அவர்கள் கையில் மாநகராட்சியோடு போட்ட ஒப்பந்தம் இருந்தது. சமூகம் நடத்துவது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் சமூகம், யார் கையில் சாவி என்பதுதான் கேள்வி.

அப்போ புனேவில் எல்லாம் சூப்பரா?

அப்படிச் சொன்னால் அது விளம்பரம். பிரச்சினைகள் நிறைய.

ஒப்பந்தம் நிலையாக இல்லை. 2013-ல் முதல் ஒப்பந்தம் முடிந்ததும், புதுப்பித்தது 2016-ல்தான். அதுவும் 2020 டிசம்பரில் முடிந்தபோது குறுகிய கால நீட்டிப்புகள்தான் கிடைத்தன. பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற குரலும் எழுந்தது. அதாவது, கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தபோது தினமும் வாசலுக்கு வந்த பெண்கள், அந்த ஆண்டு முடியும்போது தங்கள் வேலை இருக்குமா என்று தெரியாமல் நின்றார்கள். குடியிருப்பவர்கள் பலர் அவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். தினமும் வாசலில் பார்த்துப் பழகியதால் வந்த ஆதரவு அது. 

அடுத்தது பாதுகாப்பு. சுயதொழில் செய்பவர் என்ற அந்தஸ்தில் சுதந்திரம் உண்டு. பிஎஃப் கிடையாது, சம்பளத்தோடு லீவும் கிடையாது. நாலு வீடு காசு தராமல் இழுத்தடித்தால் அந்த மாத ரேஷனில் கை வைக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் விலை உலகச் சந்தையில் இறங்கினால் அந்த அடி நேராக இவர்கள் தலையில் விழுகிறது. 

மூன்றாவது, எதற்கும் ஆகாத குப்பை. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்கைக் கடைக்காரர் வாங்குவதில்லை. குப்பையில் அவை கூடக் கூட, அதே உழைப்புக்குக் காசு குறைகிறது. அதைத் தயாரித்து விற்ற நிறுவனங்களே திரும்ப எடுக்கும் செலவை ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பணம் தெருவில் அதைப் பிரித்தெடுக்கும் பெண்ணின் கைக்கு வந்து சேர்வதுதான் இன்னும் பெரிய போராட்டமாக இருக்கிறது.

நான்காவது, யாரும் பேச விரும்பாத ஒன்று. நாம் பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் அவர்கள் கையால் பிரிக்கிறார்கள். அதனால்தான் புனேவில் 'சிவப்புப் புள்ளி' பிரச்சாரம் நடந்தது. அவற்றைப் பேப்பரில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை. கேட்டது ஒரு புள்ளி. அதற்கே ஒரு பிரச்சாரம் தேவைப்பட்டது என்றால் நாம் எங்கே இருக்கிறோம் என்று யோசிச்சுக்கங்க.

கடைசியாக, சாதி. கூட்டுறவு வந்தாலும், அடையாள அட்டை வந்தாலும், குப்பை எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் இன்றும் பெரும்பாலும் அதே சமூகங்களைச் சேர்ந்தவர்கள். இந்த வேலையை மரியாதையான வேலையாக்குவது ஒரு இலக்கு. அவர்களின் மகள் வேறு வேலைக்குப் போக முடிவது இன்னொரு இலக்கு. இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் இதை வளர்ச்சி என்று சொல்லலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதில் ஒரு திருப்புமுனை. குப்பையை உருவாக்குபவரே அதை மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான வீட்டுக் குப்பை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது. சேகரிப்பதற்குப் பயனாளர் கட்டணம் வாங்கலாம் என்றது. முக்கியமாக, குப்பை பொறுக்குபவர்களின் அமைப்புகளை உள்ளாட்சிகள் அங்கீகரித்து, வீடு வீடாகச் சேகரிக்கும் வேலையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது. புனேவில் பல ஆண்டுகள் நடந்த பிறகு, அந்த யோசனை நாட்டின் விதிப் புத்தகத்துக்கு வந்தது.

நீடித்த வளர்ச்சிக்கான ஐநா இலக்குகளிலும் இது பல இடங்களைத் தொடுகிறது. நகரக் கழிவு 11-வது இலக்கில் வருகிறது, கௌரவமான வேலை 8-ல், குப்பையைக் குறைப்பது 12-ல். ஆபீஸ் பிரசன்டேஷனில் இந்த மூன்றும் மூன்று கலர் கட்டங்கள். புனேவில் இந்த மூன்றும் ஒரே தள்ளுவண்டியில் வருகின்றன.

சரி, நான் என்ன பண்ணணும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரண்டு பக்கெட், ஒரு பை. ஒரு பக்கெட்டில் சமையலறைக் கழிவு, அதில் கவர் வேண்டாம். இன்னொன்றில் உலர் குப்பை. சாப்பாடு வந்த டப்பாவை ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசிப் போட்டால் போதும், அது குப்பை என்ற கணக்கில் இருந்து சரக்கு என்ற கணக்குக்கு மாறிவிடும். உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி வெளியே எழுதி வையுங்கள், ஒரு கை கிழியாமல் தப்பிக்கும். நாப்கின், டயப்பருக்குத் தனிப் பை, மேலே சிவப்புப் புள்ளி.

அடுக்குமாடியில் இருந்தால், அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் பார்க்கிங் சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நம் குப்பையை எடுப்பவருக்கு எந்தக் கணக்கில் பணம் போகிறது? வீட்டுக்கா, டன்னுக்கா? உலர் குப்பையை விற்ற காசு யாருக்கு? இந்த மூன்று பதில்களைத் தெரிந்துகொண்டாலே உங்கள் குப்பை எங்கே போகிறது என்பதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

நகரம் ஒவ்வொரு முறையும் டெண்டர் விடும்போது, லாரி எத்தனை, தொட்டி எத்தனை என்றுதான் செய்தி வரும். குப்பை யாருக்குச் சொந்தம் என்பதையும் அந்தக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. புனே மாவ்ஷிகள் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருப்பது அந்தச் சொந்தத்தைத்தான். நாளைக் காலை எட்டரை மணிக்கு மறுபடியும் பெல் அடிக்கும். ஒரே கவரா, இரண்டு பக்கெட்டா என்பது உங்களுக்கு அரை நிமிட வேலை. அவருக்கு அது அந்த மாத வருமானத்தில் ஒரு பங்கு.